வெங்கிட்டுவின் மூக்கும் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறும்

எங்கள் வலியசாலையில் வெங்கிட்டு என்று இரண்டு பேர் உண்டு. ஒருவர் பாங்கியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இன்னொருவன் சமையல்காரன் வெங்கிட்டு. முழுப்பெயர் வெங்கடசுப்ரமணியன். கல்யாணம், பூணூல், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்று இந்த மலையாள ஊரின் தமிழ்க் குடும்பங்கள் இலை போடுகிற இடங்களில் பாதிக்கு மேல் அவன் சமையல்தான். அடுப்படி அவன் பொறுப்பு, பந்தி என் பொறுப்பு. நான் கேசவன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் அவனைப் பற்றி நான் சொல்லப் போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி அந்தச் சுவர் வழியாகக் கேட்டது.

வெங்கிட்டு தான் சமைத்ததை ருசி பார்க்க மாட்டான். அவன் அப்பா கோவில் மடப்பள்ளியில் இருந்தவர். சுவாமிக்குப் படைப்பதற்கு முன்னால் எதுவும் நாக்கில் படக்கூடாது என்பது அங்கே சட்டம். உப்பு போதுமா, புளி கூடிவிட்டதா என்பதையெல்லாம் மூக்கை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அப்பாவிடம் கற்றுக்கொண்ட அந்தப் பழக்கத்தை இவன் கல்யாண மண்டபத்துக்கும் கொண்டுவந்துவிட்டான். கொதிக்கிற அண்டாவுக்கு மேலே குனிவான், கண்ணை மூடுவான், ஒரு மூச்சு இழுப்பான். "உப்பு ஒரு கை" என்பான். போட்டால் சரியாக இருக்கும்.

ஒருமுறை பழவங்காடிப் பக்கத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் மாமா ஒருவர், துபாயிலிருந்து வந்தவர், அடுப்படிக்குள் நுழைந்து, "என்ன இது, செஃப் டேஸ்ட் பண்ணாம எப்படி அனுப்பறார்?" என்று சத்தம் போட்டார். வெங்கிட்டு அவர் பக்கம் லேசாகத் திரும்பி ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "காலம்பற நீங்க சாப்பிட்டது பூரியாக்கும். எண்ணெய் பழசு. வெளியில சாப்பிட வேண்டாம் சார்" என்றான். மனிதர் போனவர்தான், அப்புறம் பந்தியில்தான் பார்த்தேன். இரண்டு தரம் அவியல் கேட்டு வாங்கினார்.

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் ஆவதற்கு நாளாயிற்று. சமையல்காரனுக்குப் பெண் கொடுக்க நம் ஜனங்கள் யோசிக்கிற யோசனையைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். அவன் வைத்த சாம்பாரைச் சோற்றில் குழி வெட்டி வாங்கிச் சாப்பிடுவார்கள், கையலம்பிக்கொண்டே, "பையன் வேற ஒண்ணும் படிக்கலையோ?" என்று கேட்பார்கள். கடைசியில் அவனுக்குத் தூரத்து உறவில் பத்மப்ரியா என்ற பெண், ஊரை அடுத்த கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள், தானே சரி என்றாள். புத்திசாலி. வீட்டில் சமைக்க வேண்டாம் அல்லவா?

அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். ஸ்ரீலட்சுமி. நாங்கள் கூப்பிடுவது லச்சு. பிறந்த சில நாளில் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஏதோ சரியில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். திரும்பவும் பரிசோதித்து உறுதி செய்தார்கள். நாம் சாப்பிடுகிற புரதத்தில் ஒரு பகுதியை லச்சுவின் உடம்பால் உடைத்து வெளியே தள்ள முடியாதாம். தள்ள முடியாதது ரத்தத்தில் தங்கும். தங்கினால் வளர்கிற மூளையைக் கெடுக்கும். இவளுக்குச் சாப்பாடுதான் மருந்து என்றார் டாக்டர். புரதத்தைக் குறைத்து, ஒழுங்காகக் கொடுத்து வளர்த்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே ஓடுவாள், படிப்பாள். தவறினால், போன புத்தியைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பரம்பரையாக வருவது என்றும் சொன்னார். அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி. இரண்டு பேருக்கும் வெளியே ஒன்றும் தெரியாதாம். இரண்டு பாதியும் ஒரே குழந்தைக்குப் போனால்தான் இப்படி.

"என்கிட்டேர்ந்தும் வந்ததாம்டா, கேசவா" என்றான் வெங்கிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது. "நான் அவளுக்குக் குடுத்த மொத சொத்து இதாக்கும்." அவன் அப்படி அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பத்மப்ரியாதான் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அவனை ஆட்டோவில் ஏற்றினாள்.

இவளுக்கு ஆகாதவை எவையெவை என்று ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ரெஷ்மா ஒவ்வொன்றாகச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். சின்னப் பெண், மலையாளி, இவனைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவாள். துவரம்பருப்பு ஆகாது. உளுந்து ஆகாது. கடலை, பயறு, முந்திரி, பாதாம் ஆகாது. பால், தயிர், மோர் ஆகாது. அரிசியே அளந்துதான். கவலைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சாம்பார், இட்லி, வடை, தயிர்சாதம், பால்பாயசம் என்று இவன் பிழைப்பு மொத்தத்தையும் அந்தப் பெண் ஒரே மூச்சில் தள்ளிவைத்துவிட்டாள். பகவானுக்குக் கொஞ்சம் குசும்பு ஜாஸ்தி.

வெங்கிட்டு அசரவில்லை. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். லச்சு சோறு சாப்பிடுகிற வயது வந்ததும், கல்யாணம் இல்லாத நாட்களில் அவன் வீட்டு அடுப்படி ஒரு பட்டறை ஆகிவிட்டது. சாலைக் கடைத்தெருவிலிருந்து மரவள்ளி என்கிற மரச்சீனிக்கிழங்கும் ஜவ்வரிசியும் கூவைக்கிழங்கை அரைத்த கூவைப்பொடியும் மூட்டையாக வந்தன. புரதம் அதிகம் இல்லாத சமாசாரங்கள் இவை. இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் கிடைப்பவை. கூவைப்பொடியில் தோசை வார்த்தான். முதல் தோசை கல்லோடு போயிற்று. அடுத்தது பசையாக வந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டது. எத்தனையாவது முயற்சி என்று தெரியாது, ஒரு காலையில் சுவருக்கு இந்தப் பக்கம் என் மூக்குக்கே வாசனை வந்தது. போய்ப் பார்த்தால் ஓரம் சிவந்து, நடுவில் துளை விட்டு, அசல் தோசை. லச்சு இரண்டு கையாலும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

பருப்பே போடாமல் சாம்பார் வைத்தான் என்றால் நம்புவீர்களா? மஞ்சள் பூசணியை வேகவைத்து மசித்து அதில் புளியும் பொடியும் பெருங்காயமும். நிறம் அப்படியே, கெட்டி அப்படியே. என்னை உட்காரவைத்து இலையில் ஊற்றினான். நான் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு, "பருப்பு நன்னா வெந்திருக்குடா" என்றேன். அவன் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்கணுமே! தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒரு வாரம் அதைச் சொன்னான்.

ஆனால் மரச்சீனியையும் பூசணியையும் தின்று குழந்தை வளராது. உடம்புக்குப் புரதம் வேண்டும். அதில் ஆகாத பகுதியை மட்டும் எடுத்துவிட்டுத் தயாரிக்கிற ஒரு பொடி உண்டு. அதைத் தண்ணீரில் கரைத்துக் காலை, முற்பகல், மாலை என்று மூன்று வேளையும் குடிக்க வேண்டும். வளர்த்தி, எலும்பு, மூளை எல்லாம் அதில்தான் இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது லச்சு புட்டியில் குடித்துவிட்டாள். புட்டியை விட்டு டம்ளருக்கு மாறின பிறகு பிடித்தது சனி.

அந்தப் பொடியின் வாடையைச் சொல்கிறேன். உளுந்தை ஊறவைத்து மறந்துபோய், மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் ஒன்று வருமே, அதன் மேல் வைட்டமின் மாத்திரைப் பாட்டிலைக் கவிழ்த்தது மாதிரி. லச்சு டம்ளரைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கொள்வாள். பத்மப்ரியா கெஞ்சினாள், கதை சொன்னாள், போனில் பாட்டு வைத்தாள். பாதி வயிற்றுக்குள் போகும், பாதி தரைக்குப் போகும்.

வெங்கிட்டு மூக்கை டம்ளருக்கு மேலே கொண்டுபோனான், ஒரு மூச்சு இழுத்தான். "இது வாசனைக் கோளாறாக்கும். நான் பாத்துக்கறேன்" என்றான்.

அவன் புத்தி சமையல்காரப் புத்தி. எந்தக் கசப்பையும் துவர்ப்பையும் ஒரு கைப்பிடி வெல்லமும் தாளிப்பும் போட்டு அடக்கிவிடலாம் என்று நம்புகிறவன். பாகற்காயில் அவன் செய்கிற பிட்லையைக் குழந்தைகள்கூடக் கேட்டு வாங்கும், அது பாகற்காய் என்றே தெரியாமல். அதே வித்தையை இங்கேயும் காட்டினான். பொடியை ஏலக்காய் போட்ட ஜவ்வரிசிப் பாயசத்தில் கலந்தான். முதல் நாள் லச்சு குடித்துவிட்டாள். வெங்கிட்டு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கேசவா, ஜெயிச்சாச்சு!" என்று கத்தினான். இரண்டு நாளில் அவள் பாயசத்தைத் தொடுவதில்லை. பூசணிச் சாம்பாரில் கலந்தான். சாம்பாரும் போயிற்று. தோசை மாவில் கலந்தான். சூடு பட்டால் அந்த வாடை இன்னும் கூடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அருமைத் தோசையும் போயிற்று.

கடைசியில் எதை வைத்தாலும் லச்சு முதலில் குனிந்து முகர்ந்து பார்ப்பாள். பிறகு தட்டைத் தள்ளிவிடுவாள். ஒன்றுமே கலக்காத வெறும் மரச்சீனியைக்கூட. அப்பா கொடுக்கிற எதிலும் அது ஒளிந்திருக்கும் என்று குழந்தை முடிவு கட்டிவிட்டது. வாழைப்பழமும் சர்க்கரைத் தண்ணீரும்தான் இறங்கின. ஊர் முழுக்க இவன் கையால் சாப்பிடக் காத்திருக்கிறது; பெற்ற பெண்ணுக்கு இவன் கையைக் கண்டால் பயம். அந்த நாட்களில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஆகாத சரக்கு ஏறிக்கொண்டே போயிற்று. சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தன் தசையையே கரைக்குமாம், அதிலிருந்தும் அது ரத்தத்தில் சேருமாம். லச்சு ஒரு இடத்தில் உட்காராமல் சிடுசிடுத்தாள், சாமான்களை எறிந்தாள். மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பாட்டில் பாதியில் நின்று விழித்தாள். ஜூனில் அவளை எல்.கே.ஜி.யில் சேர்க்க இடம் வாங்கியிருந்தார்கள். "பள்ளிக்கூடம் அப்புறம். முதல்ல இவ குடிக்கணும். இப்படியே விட்டா எதைச் சேர்த்தாலும் புத்தியில ஏறாது" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார்.

ரெஷ்மாவிடம் வெங்கிட்டு தன் பாயச வித்தையைச் சொன்னபோது அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ சாமி! இது சூடாக்கான் பாடில்ல கேட்டோ. சாப்பாட்டில ஒளிச்சு வைக்கருது" என்றாள். சூடாக்கவும் கூடாது, ஒளிக்கவும் கூடாது. குளிர வைத்து, தினமும் அதே நேரத்தில், இதுதான் அது என்று சொல்லியே கொடுக்க வேண்டும். கெஞ்சவும் கூடாது, அதட்டவும் கூடாது.

அடுத்த நாள் காலை நான் பேப்பர் கேட்க அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். லச்சு தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் டம்ளர். எதிரே வெங்கிட்டு, மடித்துக் கட்டின வேட்டியோடு. பத்மப்ரியா ஆபீஸுக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தாள்.

"குடிம்மா. நன்னா இருக்கும்" என்றான் வெங்கிட்டு.

லச்சு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ குடிச்சியா?"

வெங்கிட்டு டம்ளரைப் பார்த்தான். அது எப்படிக் குடித்திருப்பான்? எதையும் படைப்பதற்கு முன்னால் நாக்கில் வைக்காதவன். முகர்ந்தான், கலந்தான், மறைத்தான், ஊட்டினான். ஒரு சொட்டு வாயில் விட்டதில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பத்மப்ரியா பையைக் கீழே வைத்தாள். "நான் மொத நாளே குடிச்சுப் பாத்துட்டேன். நீங்க பாத்திருப்பேள்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக.

வெங்கிட்டு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான். அவன் முகம் போன போக்கை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கன்னம் இரண்டும் உப்பின, கண்ணில் தண்ணீர் முட்டியது. துப்பக் கூடாது என்று குழந்தை முன்னால் பிடிவாதமாக விழுங்கினான், விழுங்கிவிட்டு இருமினான். பிறகு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ரொம்ப மோசமா இருக்குடி" என்றான்.

"ஆமாம்" என்றாள் லச்சு. அப்பாடா என்று இருந்திருக்கும் அவளுக்கு. அத்தனை நாளாக எல்லோரும் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்? உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவள் அப்பாதான். அவள் நகர்ந்து வந்து அவன் மடியில் உட்கார்ந்தாள். அன்றைக்கும் அவள் குடிக்கவில்லை. ஆனால் டம்ளரைத் தள்ளவும் இல்லை.

தினமும் அவளோடு சேர்ந்து குடிப்பது என்று வெங்கிட்டு தீர்மானித்தான். ஆனால் அந்தப் பொடி குழந்தைக்கென்று அளந்து வருவது, அதில் இவன் பங்கு கேட்க முடியாது. அதற்கு ஈடாக எது என்று யோசித்தவன், சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கூடை பாகற்காய் வாங்கி வந்தான். பச்சையாக அரைத்துப் பிழிந்தான். உப்பு போடவில்லை. வெல்லம் போடவில்லை. பாகற்காயின் கசப்பை மறைத்தே பேர் வாங்கினவன், அதை அப்படியே ஒரு டம்ளரில் ஊற்றிப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"இது உன்னோடது. இது என்னோடது. ரெண்டும் மோசம்தான். ஆனா ரெண்டு பேரும் குடிச்சாகணும்" என்றான்.

லச்சு அவன் டம்ளரில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். உடனே "ஙே" என்று நாக்கை நீட்டினாள். அவனுடையது தன்னுடையதற்குக் குறைந்ததில்லை என்பது அவளுக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. அவன் ஒரே மூச்சில் குடித்து, முகத்தைக் கோணலாக்கி, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதான், ஆயாச்சு" என்றான். அன்றைக்கு அவள் ஒரு வாய் குடித்தாள். அவன் அவள் வாயையும் துடைத்து, "அவ்வளவுதான், ஆயாச்சு" என்றான். ஒரு வாய் இரண்டு வாயாக, இரண்டு கால் டம்ளராக, மழைக்காலத்தில் பாசி ஏறுகிற மாதிரி மெல்ல ஏறியது. எந்த நாளில் முழு டம்ளர் ஆயிற்று என்று அவனுக்கே சொல்லத் தெரியாது.

கல்யாண நாட்களில் என்ன செய்வது? அதற்கும் வழி பண்ணினான். முகூர்த்தத்துக்கும் முதல் பந்திக்கும் நடுவில், அடுப்படியில் மனிதன் மூச்சுவிட நேரம் இல்லாத அந்த வேளையில், பத்மப்ரியா வீட்டிலிருந்து கூப்பிட, என் போன் அடிக்கும். திரையில் லச்சு டம்ளரோடு. ஒரு பக்கம் ரசம் நுரை கட்டிக்கொண்டிருக்கும், அப்பளம் பொரிந்துகொண்டிருக்கும், பரிமாறுகிற பையன்கள் "மாமா, இலை போடலாமா?" என்று கத்துவார்கள். வெங்கிட்டு பச்சைச் சாறு நிறைந்த டம்ளரைத் தூக்குவான். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் உத்தியோகம். இரண்டு பேரும் குடிப்பார்கள், இரண்டு பேரும் முகத்தைக் கோணுவார்கள், இரண்டு பேரும் "ஆயாச்சு" என்பார்கள். அப்புறம்தான் பந்தி.

ஊர் சும்மா இருக்குமா? வெங்கிட்டுவுக்குச் சர்க்கரை வியாதி முற்றிவிட்டது என்றார்கள் சிலர். மண்டபத்து மேனேஜர் ஸ்ரீஜித் ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "சாமி பச்சைக் கலர்ல என்னமோ அடிக்கறார், அது ஏது ஐட்டம்?" என்று ரகசியமாகக் கேட்டான். நான் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

ரத்தத்தில் ஏறியிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பாதியில் நின்ற பாட்டை லச்சு முழுதாகப் பாடினாள். கூவைத் தோசையும் பூசணிச் சாம்பாரும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இனி எதிலும் எதையும் ஒளிப்பதில்லை என்று அவளுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான்; அவள் முகர்ந்து பார்த்து நிச்சயம் செய்துகொண்டுதான் சாப்பிட்டாள். பள்ளியில் சேர்க்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அங்கேதான் புதுக் கவலை. முற்பகல் வேளை இனிமேல் பள்ளிக்கூடத்தில். போன் கிடையாது, அப்பா கிடையாது. ஷிஜா டீச்சரிடம் எல்லாம் சொல்லிப் பாட்டிலைக் கொடுத்தாயிற்று. ஆனால் சுற்றிலும் மற்றக் குழந்தைகள் பிஸ்கட்டும் கேக்கும் தின்னும்போது, மூடியைத் திறந்தாலே வகுப்பு முழுக்க நாறுகிற ஒன்றை, நாலு வயதுக் குழந்தை தனியாகக் குடிக்குமா? கவிழ்த்துவிட்டுக் குடித்தேன் என்றால் யாருக்குத் தெரியும்? ஒரு வேளை போனால் போகட்டும் என்று விட முடியாத வியாதி. தினமும் ஒரு வேளை போனால் மறுபடியும் பழைய இடம்தான். "நான் இல்லாத எடத்துல அவ குடிச்சாத்தான்டா அவ பொழச்சா. நான் எத்தனை காலம் எதிரே ஒக்காருவேன்?" என்றான் வெங்கிட்டு. பள்ளி திறப்பதற்கு முதல் நாள் அவன் சாம்பாரில் உப்பு கூடியது. அது நடந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம். பள்ளியில் இண்டர்வெல் மணி அடிக்கும்போது அவள் அங்கே குடிப்பாள், இவன் எங்கே இருக்கிறானோ அங்கே குடிப்பான். பார்க்க முடியாது, ஆனால் குடிப்பார்கள்.

முதல் நாள் ஷிஜா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தாராம். அடுத்த இரண்டு நாளும் அப்படியே. நாலாம் நாள் டீச்சருக்கு ஏதோ மீட்டிங், வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேறு யாரோ வந்திருக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு எங்களுக்கும் ஒரு பெரிய கல்யாணம். சொன்ன கூட்டம் ஒன்று, வந்த கூட்டம் ஒன்று. இரண்டாம் பந்திக்கு அவியல் பற்றாது என்று தெரிந்ததும் வெங்கிட்டு பம்பரமாகச் சுற்றினான். காய் நறுக்கச் சொல்லி, தேங்காய் அரைக்கச் சொல்லி, நடுவில் ஒரு அடுப்பில் காஸ் தீர்ந்து, ஒரே ரகளை. எல்லாம் முடிந்து பாத்திரங்களை வண்டியில் ஏற்றும்போதுதான் பார்த்தேன், காய்கறிக் கூடையின் ஓரத்தில் அவன் பாகற்காய்ச் சாற்றுப் பாட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அவனும் பார்த்தான். பாட்டிலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அதைக் கையால் பிடித்தபடியே வந்தான்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது பத்மப்ரியா அரை நாள் லீவு போட்டு லச்சுவைக் கூட்டி வந்திருந்தாள். வாசலில் என்னிடம் மெதுவாக, "இன்னிக்கு டீச்சர் கிளாஸ்ல இல்லையாம், அண்ணா. பாட்டில் காலியா இருக்கு. குடிச்சேன்கறா. கொட்டினாளோ, குடிச்சாளோ, தெரியலை" என்றாள்.

வெங்கிட்டு அதைக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே போனான். லச்சு யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடி வந்து அவன் மேல் ஏறினாள். அவன் அவளைத் தூக்கி, அண்டாவுக்கு மேலே குனிகிற மாதிரியே கண்ணை மூடி, அவள் வாய்க்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோனான்.

ஒரு மூச்சு இழுத்தான். அந்த வாடை இருந்தது. மறந்துபோன உளுந்தும் மாத்திரையும் கலந்த அந்தப் பாழாய்ப்போன வாடை, லேசாக, அவள் உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டு. "குடிச்சிருக்கா" என்றான் என்னைப் பார்த்து. "கேசவா, இவ தனியா குடிச்சிருக்காடா." எத்தனையோ கல்யாணத்தில் சந்தனமும் மல்லிகையும் நெய்யும் முகர்ந்தவன், எதற்கும் அவன் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. பத்மப்ரியா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கரித்தது. இதில் என்ன வெட்கம்?

லச்சு எங்கள் ஒருவரையும் சட்டை செய்யவில்லை. அப்பா செய்தது போலவே கண்ணை மூடிக்கொண்டு, அவன் வாயில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொரு மூச்சு இழுத்தாள். கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, நீ குடிக்கலை" என்றாள்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "மறந்து போச்சுடி" என்றான் வெங்கிட்டு.

லச்சு அவன் இடுப்பிலிருந்து இறங்கினாள். செருகியிருந்த பாட்டிலை உருவி எடுத்து, மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். திறந்து கொடுத்தேன். காலையில் பிழிந்தது, வெயிலில் கிடந்து கறுத்திருந்தது. வேறு பிழிந்து தருகிறேன் என்று பத்மப்ரியா சொல்லிப் பார்த்தாள். வெங்கிட்டு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். லச்சு எதிரே உட்கார்ந்து, கடைசிச் சொட்டு இறங்குகிறவரை கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அவன் தோளில் கிடந்த துண்டின் நுனியால் அவன் வாயை அழுத்தித் துடைத்தாள்.

"அவ்வளவுதான், ஆயாச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் வாசலில் நின்றபோது நான் அவனிடம் சொன்னேன்: "டேய், ஆஸ்பத்திரி வாசல்ல ஒண்ணு சொன்னியே, நீ அவளுக்குக் குடுத்த மொத சொத்துன்னு. இன்னொரு சொத்தும் குடுத்திருக்கே, பாத்தியா?"

அவன் மூக்கைத் தடவிக்கொண்டு சிரித்தான்.